அடுத்து எந்தப் பந்து?

சாஃப்ட்பால்னு சொன்னதும் நம்ம ஆளுங்க பாதிப் பேர் "மெத்துனு இருக்குமே, அந்தப் பந்தா?"ன்னு கேக்கறாங்க. மெத்துனு எல்லாம் இல்லைங்க. 12 அங்குலச் சுற்றளவு, கிட்டத்தட்ட 190 கிராம், அதாவது கிரிக்கெட் பந்தை விட எடை அதிகம். கணுக்கால்ல பட்டா ரெண்டு நாளைக்கு நொண்டணும். எப்படித் தெரியும்னு கேக்காதீங்க. பந்து வாளியைக் கவுத்துப் போட்டு அது மேல உக்காந்து பொண்ணு வீசற பந்தைப் பிடிக்கற அப்பாக்கள்னு இந்த அமெரிக்காவுல ஒரு தனி சாதியே இருக்கு. நாலு வருஷமா நானும் அதுல உறுப்பினர்.

விஷயத்துக்கு வரேன். பொண்ணுக்குப் பதிமூணு வயசு. டாலஸ் பக்கத்துல ஒரு டிராவல் டீமுக்குப் பிட்சர். இந்த சீசன்ல 12 வயசுப் பிரிவுல இருந்து 14 வயசுப் பிரிவுக்கு ஏறிட்டா. அவ கையில இப்ப இருக்கறது ஒரு நல்ல ஃபாஸ்ட்பால், அப்புறம் சேஞ்சப் மாதிரி ஒண்ணு. நவம்பர்ல இருந்து பிப்ரவரி வரைக்கும் மேட்ச் கிடையாது, உள்ளரங்கத்துல பயிற்சி மட்டும்தான். புதுசா ஏதாவது கத்துக்கணும்னா இதுதான் காலம். எதைக் கத்துக்கறது?

வீட்டுலயும் வெளியிலயும் ஆளுக்கு ஒரு தீர்ப்பு. பிட்சிங் சொல்லிக் கொடுக்கறவர் ரைஸ்பால் ஆரம்பிக்கலாம்கறார். டீம் கோச்சுக்கு டிராப் வேணும், கூடவே கர்வும் இருந்தா நல்லதாம். பொண்ணுக்கு ரைஸ்பால்தான், ஏன்னா அவ ஃப்ரெண்டு போடறா. தங்கமணிக்கு எந்தப் பந்தா இருந்தாலும் சரி, கை ஒழுங்கா இருந்தாப் போதும். நாலு பேர்ல தங்கமணி பேச்சுலதான் விஷயம் இருக்குன்னு நான் நினைக்கிறேன். (இதைச் சொன்னதால வீட்டுல எனக்கு ஒரு சலுகையும் கிடைக்கலை.)

என் கட்சியை முதல்லயே சொல்லிடறேன். அடுத்த பந்து சேஞ்சப். அதான் ஏற்கனவே இருக்கேன்னு சொல்லாதீங்க, இல்லை. இருக்கற மாதிரி இருக்கு, அவ்வளவுதான். அது உக்காந்த பிறகு டிராப். அது ரெண்டும் கைக்கு வர்ற வரைக்கும் ரைஸ், கர்வ், ஸ்க்ரூ எல்லாம் கண்ணாடி அலமாரியிலயே இருக்கட்டும்.

இந்த விளையாட்டு தெரியாதவங்களுக்குச் சின்னதா ஒரு விளக்கம். ஃபாஸ்ட்பிட்ச் சாஃப்ட்பால்ல கையை முழு வட்டமாச் சுத்தி, இடுப்புக்கிட்ட இருந்து கீழாகப் பந்தை விடணும். காத்தாலை சுத்தற மாதிரி இருக்கறதால அதுக்கு வின்ட்மில்னே பேரு. 12 வயசுப் பிரிவுல பிட்சருக்கும் பிளேட்டுக்கும் 40 அடி. 14 வயசுல இருந்து காலேஜ் வரைக்கும் 43 அடி. மூணு அடிதானேன்னு தோணும். ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தேன் (பொட்டி தட்டறவனுக்கு வேற என்ன தெரியும்).

என் பொண்ணு வேகம் மணிக்கு 48 மைல். பிட்சர் ஒரு பெரிய தாவு தாவித்தான் பந்தை விடுவாங்கறதால சுமார் 6 அடி கழிச்சுக்கலாம். அப்ப 12 வயசுப் பிரிவுல பந்து போக வேண்டிய தூரம் 34 அடி, ஆகற நேரம் 0.48 விநாடி. இப்ப தூரம் 37 அடி, நேரம் 0.53 விநாடி. அதாவது அவ ஒரு மைல் வேகம் கூடக் குறையாமலேயே, பழைய இடத்துல 44 மைல்ல போட்ட பிட்சராத் தெரியறா. எதிர்ல நிக்கற பொண்ணோ போன வருஷத்தை விட ரெண்டு அங்குலம் வளர்ந்து, தோள் அகலமா வந்து நிக்குது. போன வருஷம் ஸ்டிரைக்கவுட் ஆன அதே பொண்ணு இந்த வருஷம் வேலியைத் தாண்டி அடிக்கறது இப்படித்தான். கோச்சுக்கு இதுதான் கவலை, அது நியாயமும்கூட. புதுசா ஏதாவது வேணும்தான். எது அந்தப் புதுசுங்கறதுலதான் தகராறு.

சேஞ்சப் என்ன பண்ணும்னு பாருங்க. அதே கை, அதே சுத்து, அதே வேகத்துல வர்ற மாதிரி ஏமாத்தி, பந்து மட்டும் 36 மைல்ல வருதுன்னு வெச்சுக்குவோம். ஃபாஸ்ட்பால் பிளேட்டுக்கு வந்து சேர்ற அந்தக் கணத்துல சேஞ்சப் இன்னும் 9 அடி தள்ளி அந்தரத்துல இருக்கும். பேட்டைச் சுத்தின பொண்ணு சுத்தி முடிச்சு, பந்து எங்கடான்னு பார்த்துட்டு நிக்கும். நம்ம ஊர்ல டிவேன் பிராவோ கடைசி ஓவர்ல மெதுவாப் போட்டு எத்தனை பேரை முட்டாளாக்கினார்னு சேப்பாக்கத்துக்காரங்களுக்குச் சொல்லணுமா? அதே வித்தைதான்.

இதுல இன்னொரு லாபமும் இருக்கு. சேஞ்சப் நல்லா இருந்தா அவளோட ஃபாஸ்ட்பாலுக்கு வேகம் கூடும். 48 மைல் 48 மைல்தான், ஆனா மெதுவா ஒண்ணு வரலாம்கற பயத்துல பேட்டர் அரை நொடி தயங்கினா 48 மைல் 52 மாதிரித் தெரியும். வேற எந்தப் பந்தும் இப்படி மத்த பந்துகளுக்கு வட்டி சம்பாதிச்சுக் கொடுக்காது.

அப்ப ஏன் யாருக்கும் சேஞ்சப் பிடிக்க மாட்டேங்குது? ரெண்டு காரணம். ஒண்ணு, அதுல கவர்ச்சி இல்லை. "என் பொண்ணு ரைஸ்பால் போடறா"ன்னு பார்க்கிங் லாட்ல சொன்னா பக்கத்து அப்பா திரும்பிப் பார்ப்பார். "என் பொண்ணு மெதுவாப் போடறா"ன்னு சொன்னா அனுதாபப்படுவார் :-) ரெண்டாவது, அது கத்துக்க ரொம்பக் கஷ்டம். சின்னப் பசங்க மெதுவாப் போடணும்னா கையை மெதுவாச் சுத்துவாங்க. அப்ப எதிர்ல நிக்கற பொண்ணுக்குத் தந்தி அடிச்சுச் சொன்ன மாதிரி. கை முழு வேகத்துல வரணும், வேகத்தைக் கொல்றது பிடியும் மணிக்கட்டும் மட்டும்தான். புறங்கை முன்னால வர்ற மாதிரித் திருப்பி விடற வகை இருக்கு, விரலை மடக்கி முட்டியால தள்ளற வகை இருக்கு, உள்ளங்கைக்குள்ள பந்தை ஆழமா அமுக்கிப் பிடிக்கற வகை இருக்கு. எது ஒத்து வரும்னு அந்தந்தக் கைக்குத்தான் தெரியும். என் பொண்ணு கை சின்னது, புறங்கை வகைதான் கொஞ்சமாவது வருது. பத்துப் போட்டா நாலு ஸ்டிரைக், மூணு தரையில, ரெண்டு என் தலைக்கு மேல, ஒண்ணு பக்கத்து வலைக்குள்ள.

இதுல கோச்சுகளையும் ஒரு வார்த்தை சொல்லணும். இப்பெல்லாம் டக்அவுட்ல இருந்து கோச் மூணு நம்பர் கத்துவார், பிட்சரும் கேட்சரும் மணிக்கட்டுப் பட்டையில இருக்கற அட்டவணையைப் பார்த்து என்ன பந்துன்னு தெரிஞ்சுக்கணும். ஒரு மேட்ச்சுல சேஞ்சப் ஒண்ணை யாராவது அடிச்சுட்டா, அதுக்கப்புறம் அந்த நம்பர் அவர் வாயிலயே வராது. ஃபாஸ்ட்பாலைப் பத்து தடவை அடிச்சாலும் அதை நிறுத்த மாட்டார். மேட்ச்சுல போடாத பந்து எப்படிங்க வளரும்?

அடுத்து டிராப் ஏன், ரைஸ் ஏன் இல்லைன்னு சொல்லணும். இதுதான் எங்க வீட்டுல பெரிய சண்டை.

கீழிருந்து பந்தை விடும்போது விரல்கள் பந்தோட பின்பக்கம் மேல் நோக்கி உரசிக்கிட்டு வெளியேறும். அப்ப பந்து முன்னோக்கி உருள்ற மாதிரிச் சுழலும். அந்தச் சுழற்சி பந்தைக் கீழ அமுக்கும். அதாவது ஃபாஸ்ட்பாலை ஒழுங்காப் போடற பொண்ணோட கையில டிராப் ஏற்கனவே பாதி இருக்கு. தையல்ல விரலைச் சரியா வெச்சு, தாவைக் கொஞ்சம் குறைச்சு, உடம்பைப் பின்னால சாய்க்காம விட்டா மீதியும் வரும். இதைப் பீல் டிராப்னு சொல்றாங்க. மணிக்கட்டை மேல சுருட்டி விடற இன்னொரு டிராப்பும் இருக்கு, முழங்கைக்காக அதை நான் தள்ளியே வெச்சிருக்கேன். டிராப்புக்குப் பூமியும் கூட்டாளி, எப்படியும் பந்து விழத்தானே போகுது. அடிச்சாலும் தரையோட உருண்டு போகும், வேலியைத் தாண்டாது.

ரைஸ்பாலுக்கு நேர் எதிர். பந்துக்கு அடியில கையைக் கொண்டு போய், கதவுக் குமிழைத் திருகற மாதிரி வெட்டி, பின்னோக்கிச் சுழல விடணும். பூமி எதிரி. இத்தனைக்கும் பந்து நிஜமா மேல ஏறாது. சுழற்சி தர்ற தூக்கு விசை பந்தோட எடையைத் தாண்டினாத்தான் மேல வளையும், அது சாமானியமா நடக்காது. எதிர்பார்த்ததை விடக் குறைவா விழறதால பேட்டர் கண்ணுக்கு ஏறற மாதிரித் தெரியும். அந்த மாயை வர்றதுக்கும் நல்ல வேகமும் சுத்தமான பின்சுழற்சியும் வேணும். 48 மைல்ல பதிமூணு வயசுப் பொண்ணு போடற "ரைஸ்பால்" பெரும்பாலும் துப்பாக்கிக் குண்டு மாதிரிச் சுழலும். அந்தச் சுழற்சிக்குத் தூக்கற சக்தி கிட்டத்தட்ட கிடையாது. அது என்னன்னா, நெஞ்சு உயரத்துக்குக் குறி வெச்சுப் போட்ட சாதாரண ஃபாஸ்ட்பால்.

ஆனா வேலை செய்யுதேன்னு கேப்பாங்க. செய்யும். 12 வயசுல எல்லாரும் கண்ணுக்கு நேரா வர்ற பந்தைத் துரத்திச் சுத்துவாங்க. அதைப் பார்த்து அப்பாக்கள் ரைஸ்பால் வந்துடுச்சுன்னு கேக் வெட்டுவாங்க. 14, 16 வயசுப் பிரிவுல துரத்தறது குறையும், சிலதுங்க அதே பந்தை மரத்துக்கு மேல அனுப்பும். அதை விட மோசம் என்னன்னா, ரைஸுக்காகப் பின்னால சாயப் பழகின உடம்பு எல்லாப் பந்துக்கும் சாயும். அப்ப டிராப் விழாது, ஃபாஸ்ட்பால் மேல போகும்.

பசங்களுக்கு ஏன் அது மேல ஆசைன்னு எனக்கும் புரியுது. 2004ல ஜென்னி ஃபின்ச், ஆண்கள் பேஸ்பால்ல அப்ப உச்சத்துல இருந்த ஆல்பர்ட் புஹோல்ஸையே ஸ்டிரைக்கவுட் பண்ணின வீடியோ இன்னும் சுத்திக்கிட்டு இருக்கு. மோனிகா ஆபட் 2012ல மணிக்கு 77 மைல் போட்டாங்க. 2024ல நிஜாரி கானடி ஸ்டான்ஃபோர்டுல இருந்து டெக்சாஸ் டெக் பல்கலைக்கழகத்துக்கு மாறினப்ப ஒரு வருஷத்துக்குப் பத்து லட்சம் டாலருக்கு மேல ஒப்பந்தம். அவங்களோட பெரிய ஆயுதம் ரைஸ்பால். அந்தச் செய்தி வந்த வாரம் எங்க பக்கத்துல எல்லா அப்பாவும் ரைஸ்பால் பத்தித்தான் பேசினாங்க. அவங்க தோள் என்ன, நம்ம வீட்டுத் தோள் என்ன! கேட் ஓஸ்டர்மேன் பத்தி யாரும் பேச மாட்டாங்க. 60 மைல் சொச்ச வேகத்துலயே, பந்தை விழ வெச்சும் வளைய வெச்சும் 2004 ஏதென்ஸ்ல தங்கம், 2008லயும் 2021ல நடந்த டோக்கியோ ஒலிம்பிக்ஸ்லயும் வெள்ளி வாங்கினவங்க.

கர்வும் ஸ்க்ரூவும் எனக்கு அவ்வளவா ஒட்டலை. பேட் 34 அங்குலம் வரைக்கும் நீளம் இருக்கலாம், ஆனா தடிமன் 2.25 அங்குலம்தான். பந்து பக்கவாட்டுல நகர்ந்தா அந்த நீளத்துல எங்கயாவது படும். மேலயோ கீழயோ நகர்ந்தாத்தான் தப்பிக்கும். வளையற பந்துக்குப் பதிலா, நேர்ப் பந்தையே உள்பக்கம் ஒண்ணு, வெளிப்பக்கம் ஒண்ணுன்னு சொன்ன இடத்துல போடத் தெரிஞ்சா பாதிப் பலன் கிடைச்சுடும்.

சரி, எல்லாத்தையும் கொஞ்சம் கொஞ்சமாக் கத்துக்கிட்டா என்னன்னு பொண்ணு கேட்டா. நியாயமான கேள்வி. பதில் கையில இருக்கு.

அடியில இருந்து வீசறது இயற்கையான அசைவு, கைக்கு ஒண்ணும் ஆகாதுன்னு இந்த ஊர்ல ஒரு நம்பிக்கை ரொம்ப நாளா இருக்கு. 1990களோட கடைசியில இருந்தே வந்த ஆய்வுகள் வேற மாதிரிச் சொல்லுது. வின்ட்மில் வீச்சுல தோள் மேல விழற விசை பேஸ்பால் பிட்சர்களோடதுக்குக் கிட்டத்தட்ட சமம். மேல்கையில இருக்கற பைசெப்ஸ் தசை, மேலிருந்து எறியறதை விட இதுல அதிகமா வேலை செய்யுதுன்னு 2009ல ஒரு ஆய்வு வந்தது. அதனாலதான் இந்தப் பொண்ணுங்களுக்குத் தோளோட முன்பக்கம் வலிக்கும். லிட்டில் லீக் பேஸ்பால்ல பையன்களுக்கு ஒரு நாளைக்கு இத்தனை பந்துதான்னு 2007லயே வரம்பு வந்துடுச்சு. எங்க பொண்ணுங்க போற வாரக்கடைசி டோர்னமெண்ட்டுல அந்த மாதிரிப் பந்துக் கணக்கு வெச்சு நிறுத்தறவங்க யாரும் இல்லை. சனிக்கிழமை ரெண்டு மேட்ச், ஞாயித்துக்கிழமை ஜெயிச்சுக்கிட்டே இருந்தா மூணு மேட்ச், எல்லாத்துக்கும் அதே பொண்ணு. ஜப்பானோட யுகிகோ உவேனோ 2008 பெய்ஜிங்ல ரெண்டு நாள்ல 413 பந்து போட்டுத் தங்கம் வாங்கிக் கொடுத்தாங்க. அது ஒலிம்பிக்ஸ். டாலஸ் புறநகர்ல பிளாஸ்டிக் கோப்பைக்காக அதைப் பண்ண வேண்டாமே.

எங்க டீம்ல போன வருஷம் ஒரு பொண்ணு, நல்லா போடுவா, அஞ்சு வகைப் பந்து. ஏப்ரல்ல தோள் வலின்னு உக்காந்தவ ஆகஸ்ட் வரைக்கும் எழுந்திருக்கலை. இப்ப முதல் பேஸ்ல நிக்கறா. அஞ்சு வகைப் பந்தாலதான் வலி வந்துச்சுன்னு நான் சொல்ல வரலை, டாக்டர் இல்லை நான். ஆனா அந்த அஞ்சையும் பழக எத்தனை ஆயிரம் பந்து போட்டிருப்பான்னு யோசிச்சுப் பார்த்தேன்.

வாரத்துக்கு மூணு நாள், நாளுக்கு 80 பந்து. எங்க வீட்டு வரம்பு அதுதான், மொத்தம் 240. அஞ்சு வகைக்குப் பங்கு போட்டா ஒவ்வொண்ணுக்கும் 48. ஃபாஸ்ட்பாலும் சேஞ்சப்பும் மட்டும்னா ஆளுக்கு 120. சம்பளம் கூடாதப்ப எத்தனை சீட்டு கட்ட முடியுமோ அத்தனைதான் கட்டணும்.

எதிர்க்கட்சிக்கும் ஒரு நல்ல வாதம் இருக்கு. பசங்க சலிச்சுப் போயிடுவாங்க. பதிமூணு வயசுல இந்த ஆட்டத்தை விட்டுட்டுப் போற பொண்ணுங்க நிறைய. நாலு மாசம் ஒரே சேஞ்சப்பைப் போடுன்னா யாருக்குத்தான் பிடிக்கும்? வருஷக் கடைசியில தேர்வு நடக்கும்போது "என்னென்ன பந்து இருக்கு?"ன்னு ஒரு படிவம் கொடுப்பாங்க, அதுல ரெண்டு மட்டும் எழுதினா அடுத்த டீம்ல இடம் கிடைக்காமலும் போகலாம். அந்தப் பயம் எனக்கும் இருக்கு. பொய்யா நாலு எழுதற அப்பாக்கள் பக்கத்துலயே உக்காந்திருப்பாங்க.

அதனால பொண்ணோட ஒரு ஒப்பந்தம் போட்டிருக்கேன். தினமும் கடைசிப் பத்துப் பந்து அவ இஷ்டம். ரைஸ்பாலோ, முதுகுக்குப் பின்னாலயோ, என்ன வேணா போடலாம், நான் வாய் திறக்க மாட்டேன். மீதி எழுபது என் கணக்கு. டிராப் எப்ப ஆரம்பிக்கறதுன்னும் முடிவாயிருக்கு. பத்து சேஞ்சப்புல ஏழு ஸ்டிரைக், அதுவும் கையோட வேகம் குறையாம. அது அவ அம்மா பார்த்துச் சொல்லணும், ஏன்னா நான் கொஞ்சம் தாராளமா மார்க் போடறேனாம். அதோட, மூணு பால் ரெண்டு ஸ்டிரைக்னு இருக்கும்போது கோச் நம்பர் கூப்பிட்டா கை நடுங்காமப் போடணும். முதல் பாதி ஜனவரிக்குள்ள வந்துடும்னு நினைக்கிறேன். ரெண்டாவது பாதி பிப்ரவரி கடைசியில முதல் டோர்னமெண்ட்டுலதான் தெரியும்.

பிட்சிங் சொல்லிக் கொடுக்கறவர்கிட்ட இதை வர்ற செவ்வாய்க்கிழமை சொல்லணும். அரை மணி நேரத்துக்கு 50 டாலர் வாங்கற மனுஷன்கிட்ட, "ரைஸ்பால் இப்ப வேண்டாம், சேஞ்சப்பையே இன்னும் நாலு மாசம் பாருங்க"ன்னு, பேஸ்பால் கிளவுஸையே முப்பத்தஞ்சு வயசுல முதல்முறையாத் தொட்ட ஒருத்தன் சொல்லப் போறேன். தங்கமணி கூட வரேன்னு சொல்லியிருக்காங்க.